கைநாட்டு

அப்பாவின் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியின் முடிச்சைத் தீபா நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். யார் போட்ட முடிச்சோ, பசுமாட்டைக் கட்டுவதுபோல இறுக்கிப் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை அரை அடி தூக்கி, முட்டுக் கொடுக்க ஒன்றும் கிடைக்காமல் தன் தோளையே கொடுத்திருந்தாள். உள்ளேயிருந்த குளிர் கழுத்து வழியாக இறங்கியது. வாசலில் சாமியானாவுக்குக் கீழே எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஆள் இல்லாத ஐந்து நிமிடம் இது. காலையிலிருந்து இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது. வலது கட்டை விரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். அது வருவதாக இல்லை.

"கொஞ்சம் குடுப்பா," என்றாள், உயிரோடிருப்பவரிடம் சண்டை போடுகிற குரலில்.

இடுப்பில் செருகியிருந்த அவருடைய போனை எடுத்து மாலைகளுக்கு அடியில் நுழைத்து, அதன் முதுகில் இருந்த சின்ன வட்டத்தின்மேல் அந்த விரலை வைத்து அழுத்தினாள். போன் ஒருமுறை உறுமிவிட்டு, ரேகை பொருந்தவில்லை என்றது. விரலில் வாயை வைத்து ஊதிச் சூடாக்கி மறுபடி வைத்தாள். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதுவும் இல்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காலை ஏழு மணிக்குத் தனசிங் சார் போன் செய்திருக்காவிட்டால் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். முந்தின நாள் மத்தியானம்தான் வீடு திரும்பியிருந்தார். அன்று சாயங்காலமே அப்பா போய்விட்ட செய்தி அவருக்குத் தெரியாது. நலம் விசாரிக்கச் சூர்யாவின் நம்பருக்குப் போட்டிருக்கிறார். அண்ணன் சூர்யா மேளக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்ததால் தீபா எடுத்தாள்.

"ஐயோ, நேத்து நல்லா பேசிட்டு இருந்தாரேம்மா," என்று கொஞ்ச நேரம் தடுமாறியவர், பிறகு கேட்டார்: "நீங்க பொண்ணா? அப்போ அதைக் கேட்டீங்களா? பதினோரு மணிக்கு உங்களுக்குப் போட்டாரு, நீங்க எடுக்கலை. அப்புறம் போனை வாய்கிட்ட வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் தனியா பேசினாரு. யாருகிட்ட பேசறீங்கன்னு கேட்டேன். எம் பொண்ணுக்குப் பேசி வெக்கிறேன், அவ வந்து கேட்டுக்குவான்னாரு."

தீபாவுக்கு அது உடனே புரிந்தது. அப்பா குப்புராஜுக்கு எழுதுவதென்றால் வேப்பங்காய். ஹாலோ பிளாக் கல் போடுகிற தொழிலில் யாருக்கு எந்த அளவில் எத்தனை கல் என்பதையெல்லாம் போனில் பேசிப் பதிந்து வைத்துக்கொள்வார். அப்படி அவளுக்கும் பத்து நிமிடம் பேசி வைத்திருக்கிறார். பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டபோது அவள் கேளம்பாக்கம் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தாள். அழைப்பைத் துண்டித்தாள். 'பிறகு அழைக்கிறேன்' என்று போன் தானாகவே இங்கிலீஷில் ஒரு செய்தியை அவருக்கு அனுப்பியது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மீட்டிங் முடிந்த பிறகும் அவள் அழைக்கவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று நேற்று சாயங்காலத்திலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேர்மையான பதில் எதுவும் வரவில்லை.

ஏனென்றால் அவர்கள் இருவரும் மூன்று வாரமாகப் பேசவில்லை. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ கேட்க, அப்பா போனுக்கு வந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாக அன்று ஊருக்கு வந்திருந்த தீபா போனைப் பிடுங்கி அணைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். கல் எடுக்க வந்த நாலு பேர் முன்னால், "உனக்கெல்லாம் எதுக்குப்பா போனு?" என்று கத்திவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கப் போனார். அந்த முதுகைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வந்து பார்த்தாள், பழம் வாங்கி வைத்தாள், டாக்டரிடம் பேசினாள். அவரிடம் மட்டும் பேசவில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தார்.

இப்போது அந்தப் பத்து நிமிடம் இந்தப் போனுக்குள் இருக்கிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது என்னவென்று தெரிந்தாக வேண்டும்.

கேளம்பாக்கத்தில் அவள் பார்க்கிற வேலையை அப்பா 'பூட்டுக் கம்பெனி' என்று பொழிச்சலூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு பொங்கலுக்கு வந்தபோது அடுத்த தெருக்காரர் ஒருவர் திறக்காத ஷட்டர் பூட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பூட்டு என்பதும் பொய்யில்லை. காசு கட்டியவன் மட்டும் படம் பார்க்க வேண்டும், அவன் போனிலிருந்து அடுத்தவன் போனுக்கு அது போய்விடக் கூடாது என்பதற்குக் காவல் போடுகிற வேலை. போனுக்குள் தனியாக ஒரு சிப் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போனின் சொந்தக்காரன் கெஞ்சினாலும் கொடுக்காது. அவர்கள் தொழிலில் அதற்கு நம்பிக்கை என்று பெயர்.

அந்த நம்பிக்கையை அப்பாவின் போனில் ஒன்று விடாமல் போட்டுக் கொடுத்தவள் அவளேதான். ஆறு இலக்க எண், கைரேகை. எதையும் வெளியே பிரதி எடுக்காதே என்ற கட்டளை. பத்து முறை தப்பான எண் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்ற ஏற்பாடு வேறு. காலையில் தான் வைத்துக் கொடுத்த எண்ணைப் போட்டாள். தப்பு என்றது. அந்தச் சண்டைக்கு அப்புறம் அப்பா மாற்றியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறந்த நாள்கள், லாரி நம்பர், அம்மா செத்த தேதி என்று நாலு தடவை தப்பாகப் போட்டுவிட்டு, பயந்துபோய் நிறுத்திவிட்டாள். மீதி இருப்பது அவர் விரல் மட்டும். அதையும் மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நாலாவது முறையாக நடுவிரலை வைத்தபோது பின்னாலிருந்து அலறல் கேட்டது.

"அடிப்பாவி! பொணத்துகிட்ட கைநாட்டு வாங்கறாடா! எல்லாரும் ஓடியாங்க!"

அங்காளம்மாள் அத்தை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, அண்ணன் வீட்டோடு வந்து, தீபாவின் அம்மா போன பிறகு இந்த வீட்டுச் சமையல்கட்டையே ஆண்டவள். அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தீபாவின் முதுகும், அவிழ்த்துப் போட்ட துணியும், மாலைக்கடியில் அழுத்திப் பிடித்த செத்தவன் கையும்தான் தெரியும்.

அத்தையைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த வம்சத்தில் இது நடந்த காரியம்தான். அத்தையின் பெரியப்பா செத்தபோது ஏரிக்கரை நிலத்துக்காக யாரோ பிணத்தின் பெருவிரலில் மை தடவி ஒற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குளிப்பாட்டிய பெண்கள் நீல மையைக் கண்டுபிடித்ததிலிருந்து, இந்த வீட்டில் உயிர் போனதும் முதல் காரியமாக விரல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். நேற்று அந்த முடிச்சைப் போட்டதே அத்தைதான்.

காபி டம்ளரோடு எல்லோரும் உள்ளே வந்தார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "படிச்ச பொண்ணு பண்ற வேலைய பாத்தீங்களா! அவன் ஒடம்பு சில்லுனு கீது, அதுக்குள்ள இவளுக்கு நெலம் கேக்குது!"

"அத்தை, அது இல்ல..."

"என் மூஞ்சில முழிக்காதடி! என்கிட்ட பேசாத!" என்றவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அவள் பின்னாலேயே போய் விளக்கியிருக்கலாம். தீபாவுக்கு அது தோன்றாமலும் இல்லை. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவளிடம் போனைப் பற்றி என்ன சொல்வது என்று அலுப்பாக இருந்தது. சூர்யாவைத்தான் வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

"உனக்குப் பேசி வெச்சிருக்காராமா?"

"ஆமாண்ணா. பத்து நிமிஷம்."

"பதினெட்டு நாளு ராவும் பகலுமா ஆஸ்பத்திரில கெடந்தவன் நானு. என்கிட்ட தண்ணி குடுன்றத தவிர ஒரு வார்த்தை பேசலை." சூர்யா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்பல்லாம் யாரு மை தடவறாங்க? ஓ.டி.பி.தான் கைநாட்டு. அது வர்றது இதுலதான?"

"நீயுமாண்ணா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. அங்க நாலு பேரு சொல்றாங்க. காரியம் முடியட்டும். எல்லாரும் இருக்கும்போது தொறக்கலாம்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அப்பாவின் விரல்கள் இன்னும் ஏழு மிச்சமிருந்தன. ஆனால் கூடத்தில் இப்போது பெட்டியைச் சுற்றிக் காவல் போட்டதுபோல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம் வேறு. போன் அணையாமல் இருக்கும் வரைதான் ரேகைக்கு மரியாதை. ஒருமுறை அணைந்து எழுந்தால் எண்ணைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. "எல்லாம் சரி, அதை ஆஃப் மட்டும் பண்ணிடாதண்ணா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விமானம் ஒன்று வீட்டையே உரசுவதுபோல இறங்கியது. பொழிச்சலூர்க்காரர்கள் விமானம் போகும்போது பேச மாட்டார்கள். பாதி வார்த்தையில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். எட்டு வருடமாகக் கேளம்பாக்கத்தில் இருந்ததில் அவளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சூர்யா அவள் வாயசைவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன் கேட்டுக்கொண்டான் என்றே அவள் நினைத்தாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அத்தை அவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். விரல்களை மறுபடி கட்டியிருந்தார்கள், இந்தத் தடவை இரண்டு முடிச்சு. பெண்களெல்லாம் தெருமுனை வரை போய் நின்றார்கள். பூ இறைந்து கிடந்த ரோட்டில் வண்டி திரும்பி மறைந்தது. எரியப்போகிற விரல்களைப் பற்றியே தான் நினைத்துக்கொண்டிருப்பது தீபாவுக்குக் கேவலமாக இருந்தது. அழவேண்டிய நேரத்தில் அவள் பூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது தனசிங் சார் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கவே சிரமப்பட்டார். கடைசியாக முகம் பார்க்க முடியவில்லையே என்று ரொம்ப வருத்தப்பட்டார். கழுவிய கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"கேட்டீங்களாம்மா? என்ன சொல்லியிருந்தாரு?"

"தொறக்கலை சார். நம்பர் தெரியலை. அவர் விரலை வெச்சுப் பாத்தேன், அதுவும் எடுக்கலை. அதுக்குள்ள பெரிய ரகளையாயிடுச்சு."

மூலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"இன்னாது?" என்றாள். அந்த ரகளைக்குப் பிறகு தீபாவைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை. "போனு தொறக்கவா அவன் கையப் புடிச்ச?"

"வேற எதுக்குன்னு நெனச்ச?"

"போனுக்கு எதுக்குடி அவன் கை? அது என் கைக்குத்தான் தொறக்கும்."

தீபா அவள் எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்கூட சண்ட போட்டுக்கினு மறுநாளே பம்மல் செல்போன் கடைக்கு என்னையும் இட்டுக்கினு போனான். எல்லாத்தையும் மாத்துன்னான். அவன் கை எங்க வுயுது? ரேஷன் கடை மிஷின்லயே வுயாது. சிமெண்ட்டு தின்ன கை, ரேகையே கெடையாது. முன்ன நீ பதிஞ்சு குடுத்ததும் பத்துவாட்டி வெச்சா ஒருவாட்டி தொறக்கும், நம்பரு போட்டுத்தான் ஓட்டிக்கினு இருந்தான். கடைக்காரன்தான் வூட்ல வேற யாராச்சும் வெய்யுங்கன்னான். நான் வெச்சேன். அன்னீலருந்து போனு வோணும்னா, அங்காளு, கொஞ்சம் வெய்யின்னு கொண்டாந்து நீட்டுவான்." பேசப் பேச அவள் குரல் உடைந்தது. "நேத்து ஆஸ்பத்திரிலயும் நான்தான் தொறந்து குடுத்தேன். குடுத்ததும், நீ கொஞ்சம் வெளிய போன்னான். எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. போயிட்டேன்."

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்கடி என்ன கேட்ட?"

போனைத் திறக்கும் எண் தெரியுமா என்று அத்தையைத் தவிர வீட்டில் இருந்த அத்தனை பேரையும், ஆஸ்பத்திரி நர்ஸையும்கூடத் தீபா கேட்டிருந்தாள்.

சூர்யாவுக்குப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அப்பாவின் நம்பருக்குப் போட விரல் போய், ஏதோ பயத்தில் நின்றது. தனசிங் சார் வந்த ஆட்டோ இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"சுடுகாட்டுக்கா?" டிரைவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "அங்க லேடீஸ் வரமாட்டாங்களேக்கா."

"நீ ஓட்டு," என்றாள் அத்தை.

அனகாபுத்தூர் தாண்டியதும், ஆற்றுப் பாலத்தருகே தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்தது. தீபா ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி அந்த லாரிக்காரனைக் கண்டபடி திட்டினாள். தன் வாயில் அப்படியெல்லாம் வார்த்தை இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. அத்தை வலது கையை மடியில் வைத்து, அதன் ஆள்காட்டி விரலை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள், எங்கேயாவது அடிபட்டுவிடப் போகிறதென்பதுபோல.

சூர்யா குழாயடியில் நின்றுகொண்டிருந்தான். மொட்டையடித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொள்ளி வைத்து முடித்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து எல்லோரும் திகைத்து ஒதுங்கினார்கள்.

"அத்தை? நீ இன்னா இங்க?"

"போன குட்றா."

பைக் ஹேண்டிலில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து அவன் எடுத்துக் கொடுத்தான். தீபா பக்கத்துப் பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள்.

"ஆஃப் பண்ணியா?"

"ஆமா. கொள்ளி வெக்க சொல்ல அடிச்சுக்கினே கீதும்மா. அப்பாவுக்கே போன் போட்டு, அப்பா செத்தது நெசமான்னு கேக்கறானுங்க. நான் இன்னா பண்றது?"

"ஆஃப் பண்ணாதன்னு சொன்னேன்ல?"

"எப்போ சொன்ன?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். "ஆன் பண்ணா ஆன் ஆயிடப்போவுது. இன்னா இப்போ?"

அவன் முகத்தில் அறையலாம்போல இருந்தது. காலையில் தன்னைத் தானே அறைந்திருக்கலாம் என்றும் இருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தாள். போன் உறுமி எழுந்தது. மெல்ல வெளிச்சம் வந்தது. ஆறு கட்டங்கள் வந்தன. எண்ணை இடவும் என்றது.

"நம்பரு கேக்குதா?" என்றாள் அத்தை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"உனக்குத் தெரியுமா அத்தை?"

"எனக்கெங்க தெரியும்? போட சொல்ல கடைக்காரனையே திரும்பி நில்லுடான்னான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்தியாமே. எம் பொண்ணு சொல்லியிருக்குது, அங்காளு, உனக்குக்கூட சொல்லமாட்டேன்னு சிரிச்சான்."

புகைக்கூண்டுப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. சூர்யா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "உங்க ஆபீஸ்ல யாராலயும் முடியாதா தீபா?" என்று கேட்டான். இப்போது அவன் குரலில் காலையில் இருந்த சந்தேகம் இல்லை. யாராலும் முடியாதபடி செய்வதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நகருங்க, நான் வெக்கிறேன்," என்றாள் அத்தை.

தீபா போனைத் தூக்கிப் பிடித்தாள். திரை அவள் பக்கம், முதுகு அத்தையின் பக்கம். அத்தை ஆள்காட்டி விரலை அந்த வட்டத்தில் வைத்து அழுத்தினாள். ஆறு கட்டங்களும் அப்படியே இருந்தன.

"தொறந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்தை."

"ஈரம். அதான் எடுக்கலை." விரலைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். "இப்போ?"

சூர்யா ஏதோ சொல்ல வாயெடுத்தான். தீபா அவனைப் பார்த்தாள். அவன் பேசாமல் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அத்தை விரலை எடுக்கவில்லை. அவள் குள்ளம். கை எட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தீபா போனை அவளுடைய நெஞ்சு உயரத்துக்குத் தாழ்த்தி, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.